லேத் போவதற்குள்

ஏப்ரல் 3, 2024, புதன்

லேத்தை விற்க விலை பேசி முடித்தாகிவிட்டது. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. அதற்குள் என் சின்ன ஸ்டெர்லிங் எஞ்சினுக்கு (அடைபட்ட காற்றைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஓடுவது) லேத்தில் கடைய வேண்டிய பாகங்கள் அனைத்தும் முடிந்தாக வேண்டும். அரத்தாலும் உப்புத்தாளாலும் செய்யக்கூடியவை புது வீட்டுக்குப் போன பிறகு நடக்கட்டும்.

அளவுகளை உறுதிசெய்தேன். காமா வகை, அதாவது டிஸ்ப்ளேசருக்கு (காற்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றித் தள்ளும் உருளை) ஒரு சிலிண்டர், பிஸ்டனுக்கு வேறொன்று. டிஸ்ப்ளேசர் சிலிண்டரின் உள்விட்டம் 30 மி.மீ., பிஸ்டன் சிலிண்டரின் உள்விட்டம் 24 மி.மீ., இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது ஒரு முறை நகரும் தூரம், 24 மி.மீ. டிஸ்ப்ளேசர் இங்குமங்கும் தள்ளும் காற்று ஏறத்தாழ 17 கன செ.மீ., பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 11 கன செ.மீ. விகிதம் ஒன்றரைக்குச் சற்று மேல். ஸ்பிரிட் விளக்கின் சூட்டுக்கு இது பொருந்தும்.

ஏப்ரல் 5, வெள்ளி

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் 0.4 மி.மீ. சுவருள்ள எவர்சில்வர் குழாய் கிடைத்தது. சூடான முனைக்கு இதைவிட நல்லது எனக்கு அமையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 350 டிகிரி வித்தியாசம், நடுவே 40 மி.மீ. நீளம் என்றால், குழாயின் சுவர் வழியாகவே ஐந்து வாட் வெப்பம் எந்த வேலையும் செய்யாமல் குளிர்ந்த பக்கத்துக்குப் போய்விடும். இதே அளவில் அலுமினியமாக இருந்தால் அது பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

ராபர்ட் ஸ்டெர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816-இல் இந்த எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு இந்தக் குழாய் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி ஜேம்ஸ் 1843-இல் டண்டீ நகர வார்ப்பாலையில் நிறுவிய எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அடுப்பின் மேல் இருந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் மீண்டும் மீண்டும் பழுதாகி, நான்கே ஆண்டுகளில் அதைக் கைவிட நேர்ந்தது. பெஸ்ஸிமர் முறையில் மலிவாகச் செய்யும் எஃகு முன்பே வந்திருந்தால் காற்று எஞ்சின் வென்றிருக்கும் என்று ராபர்ட் முதுமையில் எழுதினார். எடைக்கு வாங்கிய என் குழாயைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார் என்று யோசித்தபடியே அதை அறுத்தேன்.

ஏப்ரல் 6, சனி

பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. வரைபடத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பிஸ்டன். இந்த எஞ்சினின் தலைவிதி முழுவதும் இந்த ஒரு இடைவெளியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஒழுகும் காற்று, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுகல் எட்டு மடங்கு. பிஸ்டனைச் சுற்றி ரிங் போட்டால் ஒழுகல் நிற்கும், ஆனால் அதன் உராய்வு இந்தச் சின்னஞ்சிறு எஞ்சினின் ஆற்றலை முழுவதும் விழுங்கிவிடும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே வெடிப்பு நிகழ்கிறது, சிறு உராய்வை அது பொருட்படுத்துவதில்லை. இங்கோ, அடைபட்ட காற்று கொஞ்சம் விரிகிறது, கொஞ்சம் சுருங்குகிறது, அவ்வளவுதான் பலம்.

ஆகவே வார்ப்பிரும்புச் சிலிண்டரில் வார்ப்பிரும்பு பிஸ்டன். அந்த இரும்பிலேயே கிராஃபைட் இருப்பதால் எண்ணெய் இல்லாமலே வழுக்கும். இரண்டும் ஒரே அளவில் விரிவதால் சூடேறினாலும் பிடித்துக்கொள்ளாது. மெட்டல் பாலிஷ் தடவி மாலை வரை தேய்த்தேன். சிலிண்டரின் அடிவாயை உள்ளங்கையால் அடைத்தால் பிஸ்டன் அந்தரத்தில் நின்று மெல்ல இறங்க வேண்டும். கையை எடுத்தால் தங்கு தடையின்றி விழ வேண்டும். இப்போது இறங்குகிறது, விழ மறுக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

விழுகிறது!

ஏப்ரல் 11, வியாழன்

டிஸ்ப்ளேசர் முடிந்தது: விட்டம் 29 மி.மீ., நீளம் ஸ்ட்ரோக்கைப் போல மூன்று மடங்கு, 72 மி.மீ. சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்டெர்லிங்கின் மேதைமையே இந்த இடத்தில்தான். சூடான பக்கத்திலிருந்து வரும் காற்று தன் வெப்பத்தை வழியில் வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் அவர் எகானமைசர் என்று அழைத்தார். பெரிய எஞ்சின்களில் அதற்கு மெல்லிய கம்பி வலைகளை அடுக்குவார்கள். என் அளவுக்கு வலை வைத்தால் வீண் இடமும் காற்றின் தடையும் கூடிவிடும். குறுகிய வளைய இடைவெளியே அந்த வேலையைப் பாதியாவது செய்யும்.

சாமான் கட்ட உதவ வந்த மைத்துனர், தேநீர் டம்ளர் மேல் வைத்தால் ஓடும் வகையைச் செய்திருக்கலாமே என்றார். செய்யலாம்தான், 1983-இல் டுப்ரோவ்னிக்கில் குரோஷியப் பேராசிரியர் இவோ கோலின் அத்தகைய எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஆனால் கீழே 80 டிகிரி, மேலே நம் ஊர் ஏப்ரலின் 37 டிகிரி என்றால், உராய்வே இல்லாத எஞ்சினுக்குக்கூட வெப்பத்தில் 12 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வேலையாக மாறும். அதற்கு வேண்டிய இழைப்பு நேர்த்திக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும், என்னிடம் அது இல்லை என்றேன். அவர் லேத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. வீடு நிறைய உறவினர்கள். பட்டறைப் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பூட்டினேன். டிஸ்ப்ளேசர் கிராங்க், பிஸ்டன் கிராங்குக்கு 90 டிகிரி முன்னால். விளக்கை வைத்துச் சற்றுப் பொறுத்து ஃப்ளைவீலை, அதாவது சுழல் சக்கரத்தை, தட்டினால் சில சுற்று சுற்றி நிற்கிறது. உராய்வா, ஒழுகலா? அடைபட்ட காற்று வெளியேறும் துளையைத் திறந்து வைத்துத் தட்டினேன், நெடுநேரம் சுற்றுகிறது. ஆகவே உராய்வு இல்லை. ஆனால் பிஸ்டனின் இடைவெளி சரியாக இருக்கிறதே.

ஏப்ரல் 16, செவ்வாய்

இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது. மறுபடியும் அளந்தேன்.

ஏப்ரல் 17, புதன்

எதற்கு இதெல்லாம் என்று எரிச்சலாக வருகிறது. 1980-களில் மெட்ராஸிலேயே உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் ஸ்டெர்லிங் எஞ்சினைச் செய்து விற்கப் பார்த்தார்கள். அரிசி ஆலைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது எது? இருந்தும் அது பரவவில்லை. நான் 11 கன செ.மீ. காற்றோடு மல்லுக்கட்டுகிறேன்.

இரவு: டிஸ்ப்ளேசர் தண்டு நுழையும் பித்தளைப் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் குழல்) சோப்பு நீர் தடவினேன். குமிழி வருகிறது. பத்து நாளாகப் பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த நாலு மில்லிமீட்டர் தண்டும் ஒரு பிஸ்டன்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஏப்ரல் 18, வியாழன்

புது புஷ், நீளம் இருமடங்கு, ரீமரால் (துளையை நுண்ணளவுக்கு இழைக்கும் கருவி) இழைத்தது. ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதும்போதே நின்றுவிட்டது. குளிர்ந்த பக்கத்தைத் தொட்டால் கை சுடுகிறது.

லேத்தை வாங்கியவர் தொலைபேசினார். நாளை வாக்குப்பதிவு என்பதால் லாரி ஓட்டுநர் வரமாட்டாராம், சனிக்கிழமை காலை வருகிறார்களாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்தேன். சூடான முனை 350 டிகிரியில் இருக்கும்போது மறு முனை 35-லிருந்து 90-க்கு ஏறினால், வெப்பத்தில் வேலையாக மாறக்கூடிய பங்கின் கோட்பாட்டு உச்சம் 51 சதவீதத்திலிருந்து 42-க்கு இறங்குகிறது; என் எஞ்சினுக்கு அந்த இழப்பைத் தாங்கும் மிச்சம் இல்லை. குளிரும் பக்கத்துக்கு அலுமினியத்தில் துடுப்பு வளையங்கள் கடைகிறேன்: வெளிவிட்டம் 60 மி.மீ., துடுப்பின் தடிமன் ஒன்றரை, இடையில் இரண்டரை. பள்ளம் வெட்டும் பார்ட்டிங் டூல் அடிக்கடி கத்துகிறது, மண்ணெண்ணெய் விட்டால் அடங்குகிறது. ஒன்பது துடுப்புகளில் ஆறு முடிந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து மீதி மூன்றையும்