டெஸ்க்டாப் அண்ணன் மறுபடியும் புல் பண்ணிட்டார்

வெள்ளிக்கிழமை சாயந்திரம், டிப்ளாய்மென்ட்டுக்கு எல்லாரும் டீயோட உட்கார்ந்திருக்கோம். செத்துப்போன ஜிஎஸ்டி ரவுண்டிங் பக் எழுந்து வந்து நிக்குது. லீட் அக்கா அதைச் சரி பண்ணி, கிட்ல (கோடு மாற்றங்களைக் கணக்கு வைக்கிற கருவி) எல்லாருக்கும் பொதுவான மெயின்ல போட்டாங்களே? போட்டாங்க, லாக்ல இருக்கு. கோடுலதான் இல்லை.

லாக்ல அடுத்த கமிட்டோட (பதிவு பண்ணின மாற்றத்தோட) பேர் "மைனர் சேஞ்சஸ்". அப்புறம் யாருன்னு கேக்கணுமா? நம்ம அண்ணன்தான்.

அவர் முறை உங்களுக்குத் தெரியும். பாதி வேலை கையில இருக்கும்போது கிட் புல் அடிப்பார், அதாவது மத்தவங்க போட்ட புதுக் கோடை இழுப்பார். "உன் மாற்றம் அழிஞ்சிடும், கமிட் பண்ணு, இல்லன்னா ஸ்டாஷ் பண்ணு (தற்காலிகமா ஓரமா எடுத்து வை)"ன்னு கிட் நின்னுடும். அது சொல்றதை அண்ணன் ஏன் கேக்கணும்? மொத்த ஃபோல்டரையும் நோடு மாட்யூல்ஸோட (வெளியிலேருந்து இறக்கின லைப்ரரி குவியல்) டெஸ்க்டாப்புக்குக் காப்பி பண்ணுவார். புதுசு, புதுசு_கடைசி, கடைசி_நெஜமாவே. லேப்டாப் ஃபேன் சத்தத்துல பக்கத்து சீட்டுக்காரங்க மீட்டிங்ல மியூட் போட்டுக்குவாங்க.

அடுத்து ரீசெட் ஹார்ட் (கையில இருக்கிற மாற்றத்தை அழிக்கிறது), புல், டெஸ்க்டாப்ல இருந்து கோடு ஃபைல்களை மட்டும் பேஸ்ட், எல்லாத்தையும் ரீப்ளேஸ். அந்தப் பழைய ஃபைல்ல அக்கா எழுதின வரி ஏது? அண்ணனே வேணும்னு அழிச்சதாத்தான் கிட் எடுத்துக்கும். கான்ஃப்ளிக்ட்டும் (மோதல்) வராது, ஒரு வார்னிங்கும் வராது.

ஸ்டாஷ் அப்படியில்ல. எந்த கமிட் மேல நின்னு மாத்தினோம்னு சேர்த்தே வச்சிருக்கும். ஸ்டாஷ், புல், ஸ்டாஷ் பாப் (எடுத்து வச்சதைத் திருப்பிப் போடறது), அவ்வளவுதான். பாப் அடிக்கும்போது பழைய கமிட், வந்திருக்கிற கோடு, நம்ம மாற்றம் மூணையும் வச்சு ஒப்பிடும். ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தா கான்ஃப்ளிக்ட்னு கத்தும்.

"புதுசா உருவாக்கின ஃபைல் போயிடுமேப்பா?" போகாதுண்ணே. ஆட் பண்ணாத புது ஃபைலை வெறும் ஸ்டாஷ் தொடவே தொடாது. அதையும் எடுத்து வைக்கணும்னா ஸ்டாஷோட மைனஸ் யு சேர்க்கணும். அதே பேர்ல ஒரு ஃபைல் மேலேருந்து வந்தா புல் நின்னுடும், அங்க வெறும் ஸ்டாஷ் வேலைக்கு ஆகாது. பாப்ல கான்ஃப்ளிக்ட் வந்தாலும் ஸ்டாஷ் லிஸ்ட்லயே பத்திரமா இருக்கும். சரி பண்ணின பிறகு நாமதான் டிராப் பண்ணி லிஸ்ட்லேருந்து நீக்கணும். இதை மறந்தவங்க லிஸ்ட்டைத் திறந்து பாருங்க, மேலேருந்து கீழ வரைக்கும் "டபிள்யூஐபி ஆன் மெயின்" (மெயின்ல பாதி வேலை)தான். எது எதுன்னு எழுதினவருக்கே தெரியாது. ஸ்டாஷ் புஷ் மைனஸ் எம்னு ஒரு பேர் வச்சா என்ன குறைஞ்சிடும்?

ரீபேஸோட (நம்ம கமிட்டுகளை வந்த கோடு மேல மறுபடி அடுக்கறது) புல் பண்றவங்களுக்கு இன்னும் கறார். சாதா புல், வர்ற மாற்றத்தோட மோதற ஃபைலுக்குத்தான் மறுக்கும். ரீபேஸ் எந்த ஃபைல்ல கை வச்சிருந்தாலும் மறுக்கும். கான்ஃபிக்ல ரீபேஸ் டாட் ஆட்டோஸ்டாஷை ட்ரூன்னு ஒரு தடவை வச்சுட்டா, எடுத்து வைக்கிறதும் திருப்பிப் போடறதும் தானா நடக்கும். அண்ணன் மெஷின்ல இப்போ வச்சாச்சு.

அண்ணன் கமிட்டை ரிவர்ட் பண்ணினா அவர் வேலையும் சேர்ந்து போயிடும். அதனால அக்காவோட கமிட்டையே மறுபடி செர்ரி பிக் பண்ணினோம் (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துப் போடறது), டக்குனு உட்கார்ந்துடுச்சு.

எனக்கு எரிச்சல் அண்ணன் மேல இல்லை. அண்ணன் கமிட்டோட டிஃப்ல (என்ன மாறிச்சுன்னு காட்டற பக்கம்) அந்த ஜிஎஸ்டி வரி சிவப்பா, மைனஸ் போட்டுக் கிடக்கு. அதைப் பார்த்தும் "லுக்ஸ் குட்"னு அப்ரூவ் பண்ணின மகராசன் யாருன்னு தேடினேன்.

அக்காதான்.

டிப்ளாய்மென்ட்டைத் திங்கக்கிழமைக்குத் தள்ளியாச்சு.