ஓவர்ரைடிங்: அவுட்புட் கேள்விகளில் மதிப்பெண் எங்கே போகிறது?

இன்ஹெரிட்டன்ஸுக்கு (ஒரு கிளாஸில் உள்ளதை இன்னொரு கிளாஸ் பெறுவது) வரையறை எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதிவிடுவார்கள். புரோகிராமைக் கொடுத்து அவுட்புட் கேட்டால்தான் தடுமாற்றம். கீழே உள்ளவை ஜாவாவுக்கானவை. கொடுக்கும் கிளாஸ் பேரன்ட், பெறும் கிளாஸ் சைல்ட். பேரன்ட்டின் மெத்தட்டை அதே பெயர், அதே பாராமீட்டர்களோடு சைல்ட் மறுபடி எழுதுவதே ஓவர்ரைடிங்.

விடையை எழுதுமுன், ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டைச் சுட்டும் வேரியபிள்) எந்த கிளாஸ், ஆப்ஜெக்ட் எந்த கிளாஸ். கம்பைலர் ரெஃபரன்ஸை மட்டும்தான் பார்க்கும். அந்த கிளாஸிலோ அதற்கு மேலேயோ மெத்தட் இல்லையென்றால் எரர்தான். சைல்டில் இருந்தும் பயனில்லை. கம்பைல் ஆனபின், ஓவர்ரைட் செய்த மெத்தட்டில் எது ஓடும் என்பதை ஆப்ஜெக்ட் முடிவு செய்யும்.

பேரன்ட்டில் 'எண்' என்ற ஃபீல்டின் மதிப்பு 10. அதை அச்சிட 'காட்டு' என்றொரு மெத்தட். சைல்டிலும் 'எண்' உண்டு, மதிப்பு 20. 'காட்டு' அங்கே ஓவர்ரைட் ஆகித் தன் எண்ணை அச்சிடுகிறது. பேரன்ட் ரெஃபரன்ஸில் சைல்ட் ஆப்ஜெக்டை வைத்து 'காட்டு'வை அழைத்தால் 20 வரும். அதே ரெஃபரன்ஸ் வழியாக எண்ணை நேரடியாக அச்சிட்டால் 10. ஃபீல்டுக்கு ஓவர்ரைடிங் கிடையாது, அது மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். சைல்டின் 'காட்டு'வை நீக்கிவிட்டு மறுபடி அழைத்தால் 10தான் வரும். பேரன்ட்டின் மெத்தட்டுக்குத் தெரிந்தது பேரன்ட்டின் எண் மட்டுமே. ஸ்டாட்டிக் மெத்தட்டும் (ஆப்ஜெக்டுக்கு அல்லாமல் கிளாஸுக்கே உரியது) ரெஃபரன்ஸைப் பார்த்தே தேர்வாகும்.

இதிலேயே கடினமான வடிவம், பேரன்ட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) 'காட்டு'வை அழைப்பது. சைல்டில் ஓவர்ரைட் இருக்கும்போது புதிய சைல்ட் ஆப்ஜெக்டை உருவாக்கினால் அச்சாவது 10ம் இல்லை, 20ம் இல்லை: 0. ஓடுவது சைல்டின் மெத்தட். ஆனால் பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே சைல்டின் ஃபீல்டுக்கு 20 போய்ச் சேரும், அதுவரை அதில் இருப்பது இயல்பு மதிப்பான 0. இந்த வரிசையைக் காரணமாக எழுதுங்கள், விடை முழுமையாகும்.

புரோகிராம் எழுதும் கேள்வியில் அடிக்கடி நடப்பது, ஓவர்ரைட் என்று நினைத்து ஓவர்லோட் (அதே பெயர், வேறு பாராமீட்டர்) செய்துவிடுவது. 'ஈக்வல்ஸ்' மெத்தட்டுக்கு 'ஆப்ஜெக்ட்' வகைக்குப் பதிலாக உங்கள் கிளாஸையே பாராமீட்டராகக் கொடுத்தால் எரர் வராது. ஆனால் அது வேறொரு மெத்தட். அதனால்தான் மெத்தட்டுக்கு மேலே ஓவர்ரைட் அனொட்டேஷனை (@Override என்ற குறிப்பு) எப்போதும் போடச் சொல்கிறோம்: பொருந்தாவிட்டால் கம்பைலர் உடனே நிறுத்திவிடும். அணுகல் அளவையும் குறைக்க முடியாது. 'டூ-ஸ்ட்ரிங்'கை பப்ளிக் இல்லாமல் எழுதினால் எரர். ரிட்டர்ன் டைப் அதே கிளாஸாகவோ அதன் சைல்டாகவோ இருக்கலாம். பேரன்ட்டில் பாராமீட்டர் உள்ள கன்ஸ்ட்ரக்டர் மட்டும் இருந்தால், சைல்ட் கன்ஸ்ட்ரக்டரில் 'சூப்பர்' அழைப்பை (பேரன்ட்டின் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பது) நீங்களே எழுதியாக வேண்டும்.

சி++ தாளும் எழுதுபவர்கள் இரண்டையும் கலக்காதீர்கள். அங்கே 'விர்ச்சுவல்' போடாவிட்டால் பேஸ் (பேரன்ட்) கிளாஸின் பாயின்டர் வழியாக பேஸ் கிளாஸின் ஃபங்க்ஷன்தான் ஓடும். பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளோ, விர்ச்சுவல் போட்டிருந்தாலும் பேஸ் கிளாஸுடையதே ஓடும்.