அம்மாவுக்குச் சொன்ன படங்கள்

12 ஜூலை 2024, வெள்ளி இரவு

புதன்கிழமை அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. கட்டை நேற்றே அவிழ்த்துவிட்டார்கள். இப்போது கறுப்புக் கண்ணாடி மட்டும். இடது கண்ணிலும் புரை இருப்பதால் அதில் தெரிவதெல்லாம் வெறும் பனிமூட்டம். தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, ஒரு வாரத்துக்கு டி.வி. வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து.

அக்கா ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருக்கிறாள். பத்து வயது மகளை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பகலில் சின்னவளுக்கு மாயக்கதைப் படங்கள், அவள் தூங்கியபின் எனக்கு மிகச் சிறிய செலவில் எடுத்த பழைய பேய்ப் படங்கள் என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். அம்மாவை என்ன செய்வது என்பதுதான் யோசனையாக இருந்தது.

“நீ பார். எனக்குச் சொல்லிக்கொண்டே பார்” என்றாள்.

இன்று இரவு 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’. முத்தமிட்டால் கருஞ்சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்பும் ஒரு பெண்ணின் கதை. ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ தன் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் தலைப்பை மட்டும் கொடுத்து, ஒன்றரை லட்சம் டாலருக்குள் படத்தை முடிக்கச் சொன்னது. பணம் இல்லாதபோது சிறுத்தையை எப்படிக் காட்டுவது? லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் நிழலை வைத்துச் சமாளித்தார்கள். மாடிப்படிகூட ஆர்சன் வெல்ஸ் தன் படத்துக்காகக் கட்டியதுதான்.

ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரோரம் தனியாக நடந்து வருகிறாள். பின்னால் இன்னொருத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை உயர்த்தினாள். “இரண்டு பேர் நடக்கிறார்கள்.” கொஞ்ச நேரம் போயிற்று. “ஒரு செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.” அவள் சொன்ன பிறகுதான் நான் அதைக் கவனித்தேன். இந்தப் படத்தை நான் பார்ப்பது இது நான்காவது முறை. அடுத்த நொடி சீறிக்கொண்டு ஏதோ பாய்கிறது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வந்தது ஒரு பஸ், அவ்வளவுதான். பிரேக் போட்ட சத்தம். இன்றைக்கும் திரைப்படக்காரர்கள் இந்த வித்தையை ‘லூட்டன் பஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

வெளியே சாரலும் காற்றுமாக இருக்கிறது. ஜன்னல் கொக்கியைத் துணி வைத்து இறுக்கிவிட்டு வந்தேன்.

13 ஜூலை, சனி மதியம்

லாட்டே ரைனிகரின் ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ பார்த்தோம். ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்த கதை. பறக்கும் குதிரை, மந்திரவாதி, சூனியக்காரி, அலாவுதீன் எல்லாரும் வருகிறார்கள். படம் முழுக்க நிழலுருவங்கள். இன்று நம் கையில் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் மூத்தது. வெளிவந்தது 1926. டிஸ்னியின் ஸ்னோ வைட் 1937இல்தான் வந்தது என்று சின்னவளிடம் சொன்னபோது விரல் விட்டு எண்ணி, “பதினொரு வருஷம்” என்றாள்.

1923இல் வேலையைத் தொடங்கும்போது ரைனிகருக்கு இருபத்து நான்கு வயது. பெர்லினுக்கு அருகே பாட்ஸ்டாமில் ஒரு வங்கி முதலாளியின் கார் கொட்டகை மச்சில் ஸ்டுடியோ. கறுப்பு அட்டையையும் ஈயத் தகட்டையும் கத்தரியால் வெட்டி, கை, கால், கழுத்து என்று துண்டு துண்டாகக் கம்பியால் இணைத்தாள். அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் அந்த உருவங்களைப் படுக்க வைத்து, மேலிருந்து கேமராவால் ஒரு படம் எடுக்க வேண்டும். விரல் நுனியால் கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு. கணவர் கார்ல் கோச் கேமராவைப் பார்த்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் ஆயின.

பேச்சில்லாப் படம், ஆகவே எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அம்மா குறுக்கிட்டாள்: “நம் தோல்பாவைக் கூத்து மாதிரியா?” சிறு வயதில் நாகர்கோவில் பக்கம் ராமாயணக் கூத்து பார்த்திருக்கிறாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். ஆனால் நம்முடையது வண்ணம் தீட்டிய ஆட்டுத்தோல், அதை ஊடுருவிக்கொண்டு விளக்கு வெளிச்சம் நம்மிடம் வந்துவிடும். ரைனிகரின் உருவங்கள் வெளிச்சத்தை அடியோடு மறைத்துவிடுகின்றன. முகத்தின் வெளிக்கோடு மட்டும்தான். ஆனாலும் அகமது வெட்கப்படுவது தெரிகிறது. கழுத்தை அவள் சாய்த்து வைத்திருக்கும் விதம் அப்படி.

படம் முடிந்ததும் சின்னவள் அலமாரியிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குதிரை வெட்டுகிறாள். கத்தரியை அசைக்காமல் அட்டையைத்தான் திருப்புகிறாள், யாரும் சொல்லித் தரவில்லை. நான்கு கால்களையும் தனித்தனியாக வெட்டி, ஊசியால் துளை போட்டு, நூல் கோத்து முடிச்சிட்டிருக்கிறாள். வயிற்றில் பொன்னெழுத்தில் பாதி முகூர்த்த நேரம் தெரிகிறது.

சனி இரவு

இன்று புதிதாக வந்த ஒரு பேய்ப் படத்தை முதலில் போட்டேன். கால் மணிக்கு ஒருமுறை திடீரென்று செவியைக் கிழிக்கும் சத்தம். “இதற்கு யாராவது பின்னாலிருந்து தட்டை எறிந்தாலே போதுமே” என்றாள் அம்மா. பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் படத்தைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பிறகு ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, 1962. எனக்கு மிகவும் பிடித்த பேய்ப் படம் இதுதான். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் பார்த்ததில்லை. ஹெர்க் ஹார்வி என்பவர் கான்சாஸில் லாரன்ஸ் என்ற ஊரில் சென்ட்ரான் என்ற நிறுவனத்துக்காகப் பள்ளிக்கூடப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். ஒருமுறை காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் சால்ட்ஏர் என்ற பழைய கேளிக்கை மாளிகை குவிமாடங்களோடு பாழடைந்து கிடப்பதைப் பார்த்தார். சூரியன் இறங்கும் நேரம். கூட வேலை செய்த ஜான் கிளிஃபர்டிடம் சொல்லி, அந்த இடத்தில் முடிகிற மாதிரி ஒரு கதை எழுத வைத்தார். மூன்று வாரம் விடுப்பு, சுமார் 33,000 டாலர், படம் முடிந்துவிட்டது. வெள்ளை மாவு பூசிய முகத்தோடு வரும் பேயும் அவரே. அதன்பின் அவர் கதைப் படம் எதுவும் எடுக்கவில்லை.

மேரி என்ற பெண் இருக்கும் கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. மூன்று மணி நேரம் தேடுகிறார்கள். கார் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் சேறாக அவள் மட்டும் கரையேறி வருகிறாள். பிறகு வெளியூர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் புறப்படுகிறாள். கார் ரேடியோவில் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் ஆர்கன்தான் வருகிறது. அம்மா பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவள், அந்த இசை அவளுக்குப் பழக்கம். “இது ஜெபத்துக்கு வாசிக்கிற மாதிரி இல்லையே” என்றாள்.

மேரி ஒரு கடைக்குத் துணி வாங்கப் போகும் காட்சி வந்தது. உடை மாற்றும் அறையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். விற்கும் பெண்ணிடம் பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை. யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. தெருவின் இரைச்சல், கடையின் சலசலப்பு எல்லாம் அறுந்துபோகின்றன. நான் திரையில் ஒன்றிப்போய்ச் சொல்ல மறந்திருந்தேன்.

இருட்டிலிருந்து அம்மாவின் குரல்: “கரண்ட் போய்விட்டதா? நீ அங்கே இருக்கிறாயா?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதில் ஒரு பயம் இருந்தது, நிஜமான பயம். கண் தெரியாத இரண்டு நாளில் சத்தம்தான் அவளுக்கு வீடாகியிருந்தது, அது போனதும் நானும் போய்விட்டேன். இருக்கிறேன் அம்மா என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஒரு பறவை கூவி, மேரிக்கு உலகம் திரும்ப வந்தது. அம்மாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பதினொரு மணிச் சொட்டு மருந்தை விடும்போது, தலையைப் பின்னால் சாய்த்தபடியே கேட்டாள்: “அந்தப் பெண் ஆற்றிலேயே செத்துவிட்டாள், இல்லையா?”

படம் இன்னும் முடிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்திருக்கிறாள். ஒருமுறைகூட இருமவில்லையே.”

14 ஜூலை, ஞாயிறு காலை

ழான் காக்டோவின் ‘அழகியும் அரக்கனும்’, 1946. போர் முடிந்த கையோடு எடுத்த படம். பிரான்சில் அப்போது பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு, மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு. காக்டோவுக்குத் தோல் நோய் முற்றி, நடுவில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. அரக்கனாக நடித்த ழான் மரேக்கு ஒப்பனை போட மட்டும் நாளுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

அழகியின் தந்தை வழி தவறி அரக்கனின் மாளிகைக்குள் நுழைகிறார். சுவரிலிருந்து மனிதக் கைகள் மட்டும் நீட்டிக்கொண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பிடித்திருக்கின்றன. அவர் நடக்க நடக்கத் திரிகள் தாமாகவே பற்றிக்கொள்கின்றன. சின்னவள் நிறுத்தச் சொன்னாள். ஓட்டை போட்ட சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். “நெருப்பு?” எரிகிற மெழுகுவர்த்திகளை அணைத்துப் படம் எடுத்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள்.

உடனே பூஜை அறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி வந்தது. என் செல்பேசியில் வீடியோ எடுத்தபடி அவளே ஊதி அணைத்தாள். திருப்பி ஓட்டினோம். சுருண்டு கிடந்த புகை கீழே இறங்கித் திரிக்குள் புகுந்தது, நெருப்பு குதித்து உட்கார்ந்தது. ஒன்பது முறை பார்த்தாள். ரகசியத்தைச் சொன்னால் மாயம் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் இனி நம்பமாட்டேன். கை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் படத்துக்குள்ளேயே போனாள்.

அழகி தரையில் கால் படாமல் நடைகூடத்தில் மிதந்து வருவதை அம்மாவுக்குச் சொன்னேன். சக்கரம் வைத்த பலகை மேல் நிற்க வைத்து இழுத்திருக்கிறார்கள். வெள்ளைத் திரைச்சீலைகள் காற்றில் அலைகின்றன. இதைச் சொற்களால் சொல்லிக் காட்ட எனக்கு வரவில்லை. மூன்று முறை முயன்றேன்.

ஞாயிறு மாலை

ஐந்தரைக்குக் கரண்ட் போனது. காற்று தென்னையை வளைக்கிறது. எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும்.

இப்போது அம்மாவின் முறை. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ கதையைச் சின்னவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். 1978இல் தெலுங்கில் வந்து, தமிழில் டப் ஆகி ஊரூராக ஓடிய படம். சில வருஷம் கழித்து எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது என்னையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மணலைக் கூட்டி மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு நாளாக நான் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மாயக்கதையையும் பேயையும் ஒரே படத்தில், கையிலிருந்த காசில், கூச்சமில்லாமல் சேர்த்துக் கட்டியவர் அந்த மனிதர். உலக சினிமா என்று எங்கெங்கோ தேடும்போது அவர் பெயரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இது வருத்தமாக இருக்கிறது.

“விறகு தீர்ந்துபோனது. பேய் என்ன செய்தது தெரியுமா? காலை நீட்டி அடுப்பில் வைத்தது.”

“ஆச்சி, சுடாதா?”

“பேய்க்கு எப்படிச் சுடும்?”

நான் அப்பாவின் பழைய வேட்டியைக் கதவில் கட்டி, பின்னால் டார்ச்சை வைத்தேன். சின்னவள் தன் குதிரையை அதில் ஓட்டினாள். அம்மா சுவரோரம் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியை நேராக அந்தத் துணியை நோக்கி வைத்துக்கொண்டு கதையை நீட்டிக்கொண்டே போனாள். ஜகன்மோகினியில் குதிரை இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. இன்று இருந்தது.

ஞாயிறு இரவு

ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, 1968. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்தது. இடிக்கப்போகும் பண்ணை வீடு ஒன்று படப்பிடிப்புக்குக் கிடைத்தது. ரத்தத்துக்குச் சாக்லெட் பாகு. கறுப்பு வெள்ளையில் வித்தியாசம் தெரியாது. கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது, அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது. எடுத்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணத்தை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

பலகை அடிக்கும் சத்தம், வானொலிச் செய்தி, வெளியே முனகல். இரவு முழுக்க அந்த வீட்டைக் காத்து நிற்பவன் பென். கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் நடித்த வேடம். விடிகிறது. ஆட்களின் குரல் கேட்டு ஜன்னலுக்கு வருகிறான். துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு அசையாத புகைப்படங்கள் மட்டும். அவனைக் கொக்கியால் இழுத்துப்போய் விறகுக் குவியலில் போடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் கொல்லப்பட்டார், அதே ஆண்டு அக்டோபரில் இந்தப் படம் திரைக்கு வந்தது.

“ஏன் பேசாமல் இருக்கிறாய்?” என்றாள் அம்மா.

“காப்பாற்ற வந்தவர்களே அவனைச் சுட்டுவிட்டார்கள், அம்மா.”

“எதற்கு?”

டி.வி.யை அணைத்தேன். மருந்து விடும் நேரம் தாண்டிவிட்டிருந்தது.

15 ஜூலை, திங்கள்

அக்கா காலையிலேயே வந்து மகளை அழைத்துப் போய்விட்டாள். வீடு பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் குதிரை கிடைத்தது. ஒரு காலைக் காணவில்லை.

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்” என்று குதிரையின் வயிற்றைப் படித்தாள்.