கோபாட் பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டு

ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரிகிறேன். வேலி இல்லாமல் தொழிலாளியின் அருகிலேயே இயங்கும் ரோபோ கையான கோபாட் எங்கள் பிரிவுக்கு வந்தபோது நான் முதலில் கேட்டது, ஆளைக் கண்டபின் அது நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான்.

மனிதர் நொடிக்கு 1.6 மீட்டர் நடப்பார் என்று கொண்டே பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிடுகிறோம். ஸ்கேனர் கண்டதிலிருந்து இயந்திரம் முழுமையாக நிற்க அரை நொடி ஆனால், அதற்குள் அவர் 80 சென்டிமீட்டர் நெருங்கியிருப்பார். அந்த அரை நொடியில் கோபாட் நகரும் தூரத்தையும் சேர்த்தே தரையில் மஞ்சள் கோடு போடுகிறோம். தூக்கும் எடை கூடினால் நிற்கும் நேரமும் கூடும் என்பதால், பொருளைப் பற்றும் அதன் முனையான கிரிப்பரை மாற்றிய அன்றே மறுபடியும் அளந்தாக வேண்டும்.

உடலில் பட்டால் எவ்வளவு விசை தாங்கலாம் என்பதை 2016இல் வெளிவந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற சர்வதேசத் தர ஆவணம் உறுப்பு வாரியாக வரையறுத்தது. கை நசுங்கும் நிலையில் வரம்பு 140 நியூட்டன். முகத்திலும் தலையிலும் படவே கூடாது. விசை வரம்புக்குள் இருந்தாலும் கிரிப்பரின் விளிம்பு கூராக இருந்தால் அழுத்தம் வரம்பை மீறிவிடும் என்பதால், விளிம்பை நான் விரலால் தடவிப் பார்ப்பதுண்டு.

ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த இடத்தில் வேலை பார்க்கும் அக்காவின் கையில் 20 நொடிக்கு ஒருமுறை ஓர் உதிரியைக் கோபாட் நீட்டும். கை ஒழியாததால் அவர் நெற்றி வியர்வையைத் தோளில் தேய்த்துத்தான் துடைத்தார். ஷிப்ட் முடியும்போது வலது கட்டைவிரலின் அடி வீங்கியிருந்தது. "அது நிக்காதே சார், நான் மட்டும் எப்படி நிக்கிறது?" என்றார். மோதல் பதிவேட்டில் அன்றும் பூஜ்யம்தான் இருந்தது. மோதாத இயந்திரமும் உடலைத் தேய்க்கும் என்பதைக் காட்ட அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

நிர்வாகத்திடம் வாதாடி, இருவருக்கும் நடுவே மூன்று உதிரிகள் தங்கக்கூடிய ஒரு சிறிய தட்டு வைத்தோம். கோபாட் தட்டில் வைக்கிறது. அவர் தமக்கு வசதியான நேரத்தில் எடுக்கிறார்.

இதயத்துடிப்பைக் கணக்கிடும் கைப்பட்டையை எல்லோருக்கும் அணிவிக்கலாம் என்ற யோசனை இப்போது வந்திருக்கிறது. களைப்பை முன்கூட்டியே அறிய அது உதவலாம். அந்தத் தகவல் தொழிற்சாலை மருத்துவரைத் தவிர வேறெவருக்கும், முக்கியமாக உற்பத்திக் கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு, போகக் கூடாது என எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை, வாரம் ஒருமுறை எங்கள் செவிலியர் அந்த வரிசைக்கே வந்து ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்.