டர்பனில் பழைய சைக்கிள் வாங்கிய அனுபவம்: விலைக்கு முன் பில்லைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து, டர்பனில் பழைய சைக்கிள் தேடுகிற நம் ஆட்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலை கேட்பதற்கு முன்னால் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, விற்பவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி. எனக்கு நேர்ந்த அலைச்சலில் பெரும்பகுதி காகிதத்தால் வந்ததுதான்.

நான் இருப்பது கிளென்வுட் பக்கம், பெரியா மேட்டின் மேலே. கீழே இறங்கிவிட்டால் கடற்கரை நடைபாதை உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரைக்கும் சமதளம். காலையில் ஓட்ட அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. ஆனால் திரும்பி வீட்டுக்கு வர மேடு ஏற வேண்டும். ஆகவே கியர் இல்லாத வண்டி எனக்கு உதவாது.

புதியதும் பார்த்தேன். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் மலிவு வண்டிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்துப் பார்க்க ஜம்மென்று இருக்கும். தூக்கினால் இரும்புக் கனம். நான் பார்த்த ஒன்றில் சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் இடதும் வலதுமாக ஆடியது. கோட்டம் எடுக்காமலேயே விற்பனைக்கு வைத்திருந்தார்கள். நல்ல சைக்கிள் கடைகளில் சில்வர்பேக், டைட்டன், மொம்சன் போன்ற தென்னாப்பிரிக்கப் பிராண்டுகள் இருந்தன, தரமும் இருந்தது. ஆனால் விலை என் கைக்கு எட்டவில்லை. சரி, பழையது என்று முடிவு செய்தேன்.

இணைய விளம்பரங்களில் ஒரு வகையை மட்டும் எச்சரித்துவிட்டுப் போகிறேன். "வண்டி கேப்டவுனில் இருக்கிறது, பாதிப் பணம் போடுங்கள், கூரியரில் அனுப்புகிறேன்" என்று வந்தால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். எனக்கு அப்படி ஒருவர் விடாமல் வாட்ஸாப்பில் எழுதினார். வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டுங்கள் என்றதும் காணாமல் போனார். சைக்கிள் பிரியர்களே வாங்கி விற்கும் பைக் ஹப் தளத்தில் விவரங்கள் ஒழுங்காக இருக்கும். பிரேம் அளவு, எந்த வருடத்து மாடல், என்னென்ன மாற்றியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். நம் உயரத்துக்கு எந்த பிரேம் சரி என்று அங்கே பார்த்துப் பழகிக்கொள்ளலாம். ஐந்தடி ஆறங்குலம் இருக்கும் எனக்கு நடுத்தர அளவு சரியாக வந்தது.

இனி டர்பனை அடுத்த பைன்டவுன் போன கதை. போனில் பேசியவர் பில் இருக்கிறது, நானே முதல் உரிமையாளர், 29 அங்குலச் சக்கரம், இரண்டு வருடம்தான் ஆகிறது என்றார். பக்கத்து வீட்டு அங்கிள் தன் பிக்-அப் வண்டியில் என்னை அழைத்துப் போனார். அவர் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், மோட்டார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே போய்ச் சேர்ந்ததும் பில் "எங்கேயோ இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன்" ஆகிவிட்டது. அங்கிள் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார். பெடல் கிராங்க் சேருமிடத்துக்கு அடியில், பிரேமில் அந்த வண்டிக்கே உரிய அடையாள எண்ணை அடித்திருப்பார்கள். அங்கே போன் டார்ச்சை அடித்தார். எண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அரத்தால் ராவியிருந்தது. சுற்றிலும் கறுப்பு பெயின்ட், நடுவில் மட்டும் அலுமினியம் வெள்ளையாக மின்னியது. கல் பட்டுத் தேய்ந்தது என்றார் விற்பவர். கல் பட்டால் நேர்கோடாகவா தேயும்? அங்கிள் வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, வா போகலாம் என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதை நம் ஆட்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகப்படக்கூடிய ஒன்று உங்களிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால் அதுவே குற்றம். வேலை விசாவில் இருக்கிற நமக்கு மலிவாகக் கிடைத்த ஒரு சைக்கிளுக்காக அந்த வம்பு எதற்கு? அந்தச் சனிக்கிழமை முழுதும் போனது, பெட்ரோல் காசும் போனது. பில்லின் போட்டோவை முதலில் அனுப்புங்கள், பிறகு வருகிறேன் என்று எழுதுவதை அதற்கப்புறம் வழக்கமாக்கிக்கொண்டேன். பாதிப்பேர் பதிலே போடவில்லை. அதுவும் நல்லதுதான்.

அடுத்து, பழைய பொருட்கள் விற்கும் ஒரு கடை. கடையில் வாங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி அவர்கள் போலீசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். யாரிடம் வாங்கினார்கள் என்பதை அடையாள அட்டை விவரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். வாங்கிய பொருளை ஏழு நாள் விற்காமல் வைத்திருக்க வேண்டும். திருட்டுப் பொருளாக இருந்தால் அதற்குள் தெரியவரட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. இந்தக் கடையில் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்குப் பிடித்த வண்டி ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. ஏழு நாள் ஆகவில்லை, இப்போது தர முடியாது என்றார் கவுன்டரில் இருந்தவர். சட்டம்தானே, ஒத்துக்கொண்டேன். என் பெயரையும் போன் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டினார், உங்களுக்குத்தான் என்றார். கெடு முடிந்து காலையில் கடை திறந்த கையோடு போய் நின்றேன். வண்டி இல்லை. முந்தின நாள் மாலையே வேறு யாருக்கோ விற்றிருந்தார்கள். சீட்டு எங்கே என்றால், எந்தச் சீட்டு என்று கேட்கிறார் அதே ஆள். இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. கடையில் வண்டியைப் பிடித்து வைக்கச் சொன்னால் சிறு தொகையாவது முன்பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

அதே ஆள் இன்னொரு வண்டியைக் காட்டி, பழைய பொருளுக்கு எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம், இருப்பது இருந்தபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அதை நம்பாதீர்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். குறை தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். குறையை முன்கூட்டியே குறிப்பாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் அந்தக் குறைக்குக் கேட்க முடியாது. தனி ஆளிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் தனி ஆளிடம் வாங்குவதென்றால் எல்லாவற்றையும் நாமே கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? டர்பனைப் பொறுத்தவரை முதல் எதிரி உப்புக்காற்று. கடற்கரை அடுக்குமாடி ஒன்றின் பால்கனியில் நின்ற வண்டியை, பில்லோடு, நல்ல விலைக்குத் தந்தார் ஒரு பெண்மணி. எல்லாம் சரியாக இருந்தது, சீட் உயரத்தை மாற்றிப் பார்க்கும் வரை. கிளாம்பைத் தளர்த்தி இரண்டு பேர் முறுக்கியும் சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், அசையவில்லை. பிரேமும் போஸ்ட்டும் சேருமிடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. அலுமினியம் உப்பில் அரித்து உள்ளேயே இறுகிவிட்டது. அந்த உயரத்துக்குப் பொருந்துகிற ஆள் மட்டும்தான் அதை ஓட்ட முடியும். பலவந்தமாக எடுத்தால் பிரேமே கிழியும். ஆகவே சீட் போஸ்ட்டை முழுதாக உருவிப் பார்க்காமல் இந்த ஊரில் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் செயின். ஓரடி ஸ்கேல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கும் பின் ஒன்றின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போனால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் வண்டி கிடைத்தது டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டில், அங்கிளுக்குக் கோயில் பழக்கத்தில் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம். அவருடைய காரேஜின் ஒரு மூலையில் தைப்பூசத்துக்கு எடுத்த காவடி மயிலிறகோடு சாய்ந்து நின்றது. பக்கத்தில் சில்வர்பேக், துணி போர்த்தி. முழங்கால் வலியால் இனி ஓட்ட முடியாது என்றார். நான் வாய் திறக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார். கடை பில், அதிலேயே பிரேம் எண், சர்வீஸ் செய்த ரசீதுகள் எல்லாம் தேதி வரிசையில். பிரேமில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவரும் கூடவே வாசித்தார். சீட் போஸ்ட் கிரீஸோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பாட்டியிடம் கற்ற தமிழில், "நல்லா பாத்து எடு தம்பி" என்றார். 5,500 ரேண்ட். குறைக்கவில்லை, ஆனால் ஹெல்மெட்டும் காற்றடிக்கும் பம்பும் சேர்த்துத் தந்தார். எனக்குப் பரம திருப்தி.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பில் அவர் பெயரில் இருக்கிறது. வண்டி என்னுடையது என்பதற்கு, நான் இன்னாருக்கு விற்றேன் என்று அவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது நல்லது. அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, எந்தக் காவல் நிலையத்திலும் காசில்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள். நாங்கள் போன நிலையத்தில் கவுன்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், வெளிநாட்டுக்காரர் விஷயம், உள்துறை அலுவலகத்துக்குப் போங்கள் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். உறுதிமொழி தருவது நான் இல்லை, இந்த நாட்டுக் குடிமகனான இவர் என்று சொல்லியும் காதில் வாங்கவில்லை. முழங்கால் வலியோடு ஆசிரியர் மர பெஞ்சில் காத்திருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மதியத்துக்கு மேல் வந்த மூத்த பெண் அதிகாரி தாளை ஒரு முறை படித்தார், ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினார், முத்திரையைக் குத்தினார். இரண்டு நிமிட வேலை. நீங்கள் போகும்போது இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். பிரேம் எண், விலை, தேதி, இருவர் அடையாள எண்ணும் அதில் இருக்கட்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். முதல் ஆள் மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள்.

இந்தக் காகிதம் காப்பீட்டுக்கும் உதவியது. வீட்டுப் பொருள் காப்பீட்டில் சைக்கிளைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் வெளியில் களவு போனால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். உறுதிமொழிப் பத்திரம், பழைய பில், பிரேம் எண்ணின் போட்டோ மூன்றையும் அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

வாங்கிய பிறகு தெரிந்த சில விஷயங்கள். ஹெல்மெட் இங்கே சைக்கிளுக்கும் கட்டாயம், பொதுச்சாலையில் அது இல்லாமல் ஓட்டக்கூடாது. சாலையோரப் புல்லில் நம்ம ஊர் நெருஞ்சி அப்படியே இருக்கிறது; டயருக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும். நடைபாதையில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயை மட்டும் பால்ரஸ் இருக்கும் இடங்களில் காட்டாதீர்கள்.

எப்போது வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு ஆசிரியர் சொன்னதைத் தருகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓடும் அமாஷோவா சைக்கிள் பந்தயம் அக்டோபரில் வரும். அதற்காகப் பயிற்சி எடுக்கும் மாதங்களில் யாரும் வண்டியை விட மாட்டார்களாம், விலையும் இறங்காதாம். பந்தயம் முடிந்ததும் புது வண்டிக்கு மாறுகிறவர்கள் பழையதை வெளியே எடுப்பார்கள் என்றார். அவசரம் இல்லாதவர்கள் நவம்பர் வரை பொறுத்துப் பாருங்கள். பில்லின் போட்டோவைக் கேட்க மறக்க வேண்டாம்.