பழைய ரீலுக்கு விலை சொல்வது

வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஏல நிறுவனத்தில் பழைய மீன்பிடிக் கருவிகளை அடையாளம் கண்டு, மதிப்பிட்டு, பட்டியலில் ஏற்றுவது என் வேலை. மூங்கில் தூண்டிற்கம்புகள் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைத்த மீன்கள் வரும். ஆனால் மேசைக்கு ஒரு ஃப்ளை ரீல் வந்துவிட்டால் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஃப்ளை ஃபிஷிங் என்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை வீசி ட்ரவுட், சால்மன் போன்ற மீன்களைப் பிடிக்கும் முறை. பொய்ப்பூச்சிக்கு எடை இல்லை. கனமான தூண்டில் நூல்தான் அதைச் சுமந்துகொண்டு பறக்கிறது. ரீலுக்கு உள்ள வேலை இரண்டே: நூலைச் சுற்றி வைத்திருக்க வேண்டும், மீன் இழுக்கும்போது கொஞ்சம் தடுத்துக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்வளவு எளிய வேலைக்காகப் பித்தளையிலும் அலுமினியத்திலும் எபோனைட் என்ற கெட்டி ரப்பரிலும் இவ்வளவு நேர்த்தியான பொருளைச் செய்தார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கொண்டுவருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எவ்வளவு பழையது?" என்பதைத்தான். பழையது என்றால் விலை உயர்ந்தது என்று நம்புகிறார்கள். ரீலின் மேலேயே ஓர் ஆண்டு பொறித்திருந்தால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிடும். நியூயார்க்கில் எட்வர்ட் வாம் ஹோஃப் செய்த சால்மன் ரீல்களின் பாதத்தில், அதாவது ரீலைக் கம்போடு பொருத்தும் அடிப்பகுதியில், 1883 ஜனவரி 23 என்ற தேதி இருக்கும். அது காப்புரிமை கிடைத்த நாள். அந்த முத்திரையை அதன் பிறகு பல பத்தாண்டுகள் குத்திக்கொண்டே இருந்தார்கள். 1920களில் பட்டறையை விட்டு வந்த ரீலிலும் அதே 1883 இருக்கும். தேதியை நம்பி வந்தவரிடம் இதைச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை அன்று. ஆனால் அந்தத் தேதி இல்லாமலேயே அது அருமையான ரீல் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. ஜெர்மன் சில்வர் என்ற வெள்ளிபோன்ற உலோகக் கலவை விளிம்பும் கருத்த எபோனைட் பக்கங்களும் சேர்ந்த அந்த அழகுக்கு இணையாக அமெரிக்காவில் வேறு எதையும் நான் வைக்கமாட்டேன்.

வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில் சார்லஸ் ஆர்விஸ் 1874-இல் காப்புரிமை பெற்ற ரீல் வேறு வகை. நூல் சுற்றும் உருளையான டிரம் ஒடுக்கமானது, பக்கத் தகடுகள் முழுவதும் துளைகள். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். அந்தக் காலத்தில் தூண்டில் நூல் பட்டு. ஈரத்தோடு சுற்றி வைத்தால் இற்றுப்போகும். காற்றுப் புகுந்து நூல் உலரவும் எடை குறையவும் போட்ட துளைகள் அவை. வால்நட் மரப்பெட்டியில் வைத்து விற்றார்கள். அந்தப் பெட்டியோடு ஒன்று வந்தால் விலை வேறு, பெட்டி இல்லாமல் வந்தால் வேறு. ஓஹையோவின் ஆக்ரன் நகரத்தில் செய்த ஃப்ளூகர் மெடலிஸ்ட் இதற்கு நேர் எதிர். 1920களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் ஏராளமாக வந்த உழைப்பாளி ரீல் அது. இன்றும் ஆற்றில் நன்றாக வேலை செய்யும். எண்ணிக்கை அதிகம் என்பதால் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை.

என் மேசைக்கு அதிகமாக வருவது ஹார்டிதான். அதில் ஆச்சரியமில்லை, நார்தம்பர்லாந்தின் ஆன்விக் நகரம் எங்களுக்குப் பக்கம். 1872-இல் வில்லியம் ஹார்டி அங்கே துப்பாக்கிக் கடை தொடங்கினார், தம்பி ஜான் ஜேம்ஸ் சேர்ந்துகொண்டார், கொஞ்ச காலத்தில் துப்பாக்கியைவிடத் தூண்டிலே பெரிய தொழிலாகிவிட்டது. 1888-இல் காப்புரிமை பெற்று 1891-இல் விற்பனைக்கு வந்த 'பெர்ஃபெக்ட்' என்ற ரீல்தான் அவர்களுடைய பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனது. டிரம்முக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே பால்பேரிங் குண்டுகள் ஓடும். கைப்பிடி பொருத்திய பக்கத் தகடு முழுவதுமாகச் சுழலும். முதலில் முழுப் பித்தளை, பிறகு பித்தளை முகமும் அலுமினியக் கலவை உடலும், பிறகு முழுவதும் அலுமினியக் கலவை என்று மாறி மாறி நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. முழுப் பித்தளையில் வந்த தொடக்ககால ரீல்கள் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகும். பிற்காலத்துச் சாதாரண அளவு பெர்ஃபெக்ட் சில நூறு பவுண்டோடு நின்றுவிடும். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே பெயரைப் படித்தால் வேலை முடியாது, உள்ளே பார்க்க வேண்டும். டிரம்மைக் கழற்றினால் 'செக்' என்று தொழிலில் சொல்லும் தடுப்பு அமைப்பு தெரியும்: பற்சக்கரம், அதில் விழுந்து எழும் தடுப்புப் பல், அதை அழுத்தும் வில். ஹார்டி இந்த அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தது. 1906 செக், 1912 செக் என்று சேகரிப்பாளர்கள் ஆண்டின் பெயராலேயே அவற்றைச் சொல்வார்கள். பிறகு வந்தது 'டூப்ளிகேட்டட் மார்க் டூ', அந்தப் பெயரையே ரீலில் பொறித்துவிட்டார்கள். பாதம் வழவழப்பா வரிவரியா, பித்தளையா கலவையா, கைப்பிடி எந்தப் பொருள், நூல் வெளிவரும் இடத்தில் வளையம் இருக்கிறதா, முகத்தில் தூண்டிலைப் பிடித்த கை முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் செக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் காலம் பிடிபடும். இவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு பொருந்தாமல் நின்றால், இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். உள்ளே வேலை செய்தவரின் பெயரெழுத்துகளும் குத்தியிருக்கும். ஆன்விக்கில் ஒருவர் தன் கையால் பொருத்தி, இயக்கிப் பார்த்து, இது என் வேலை என்று குறித்துவிட்டுப் போன அடையாளம் அது. பட்டியலில் அந்த எழுத்துகளை விடாமல் குறிப்பேன். வாங்குபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தத் தொழிலாளிக்கு அந்த ஒரு வரி சேர வேண்டும்.

1911-இல் வந்த 'செயின்ட் ஜார்ஜ்' ரீலில் நூல் வெளியேறும் வளையத்தில் அகேட் கல் பதித்திருப்பார்கள். கல்லில் நூல் உராய்ந்தாலும் தேயாது என்பதற்காக. அந்தக் கல்லில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலே விலை இறங்கும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் காட்டி, நகத்தால் உள்விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பேன். கண் தவறவிடும் விரிசலை நகம் காட்டிக்கொடுக்கும்.

கைப்பிடி விஷயத்தில் இப்போது அரசின் சட்டமும் புகுந்திருக்கிறது. பழைய பித்தளை ரீல்கள் பலவற்றின் கைப்பிடி யானைத் தந்தம். பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முன் செய்த பொருளாகவும், அதில் தந்தம் மொத்தக் கனஅளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவும் இருந்தால், முறைப்படி பதிவு செய்துவிட்டு விற்கலாம். ரீலின் கைப்பிடி அந்த அளவுக்குள் அடங்கும். ஆனால் தந்தம் எது, தந்தம்போலத் தோற்றம் தரும் செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக் எது என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். செல்லுலாய்டில் வரிகள் ஒரே சீராக, இணையாக ஓடும். தந்தத்தின் வரிகள் அப்படி அடங்கி நடப்பதில்லை. குறுக்கு வெட்டு முகத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய கோடுகள் தெரியும். செல்லுலாய்டை விரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாடை வருவதும் உண்டு. சிலர் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். நான் செய்யமாட்டேன். நூறாண்டு தாங்கிய கைப்பிடியில் என் சந்தேகத்துக்காக ஒரு தழும்பு வேண்டாம். இந்தச் சட்டத்தைப் பற்றித் தொழிலில் முணுமுணுப்பு உண்டு. நான் அதில் சேர்வதில்லை. ஒரு கைப்பிடிக்காகப் படிவம் நிரப்புவது யானை செலுத்திய விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இனி, என் வேலையில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவதைச் சொல்கிறேன். அது பாலிஷ்.

தந்தை இறந்து, கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது ரீல் கிடைக்கிறது. கருத்துப்போயிருக்கிறது. நல்ல விலை வரட்டுமே என்று மகனோ மகளோ ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, பித்தளை துலக்கும் பசை போட்டு, கண்ணாடிபோலத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். அன்போடு செய்த வேலை. அந்த மாலையில் விலையில் பெரும்பகுதி துணியோடு போய்விட்டிருக்கும். அந்தக் கருமை அழுக்கு இல்லை. பித்தளைக்கு ஆலையிலேயே வெண்கல நிறம் ஏற்றியிருப்பார்கள், அலுமினியக் கலவைக்குச் சாம்பல் கலந்த கருநிறப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அது விரல் பட்ட இடங்களில் மட்டும் தேய்ந்து, மறைவான இடங்களில் முழுமையாக இருக்கும். கை எங்கே பட்டது, எவ்வளவு காலம் பட்டது என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில் எழுதியிருக்கும். தேய்த்துவிட்டால் பூச்சோடு அந்த எழுத்தும் போய்விடும். பொறித்த எழுத்துகளின் கூர்மை மழுங்கும். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் வழக்கமான கருநிறப் பூச்சு இல்லாமல் வெறும் உலோக நிறத்தோடு சில ஹார்டி ரீல்கள் வெளிவந்தன. சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்பிட்ஃபயர்' மெருகு என்பார்கள், விரும்பி வாங்குவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய ரீலைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஸ்பிட்ஃபயர்" என்று சொல்பவர்கள் அதனால்தான் வருகிறார்கள். நான் பார்ப்பது பாதத்தின் அடிப்பக்கம், திருகாணிகளைச் சுற்றிய மூலைகள், எழுத்துகளின் குழி. அங்கே கருநிறம் கொஞ்சமேனும் ஒட்டியிருந்தால் அது போர்க்கால ரீல் அன்று. உண்மையான ஸ்பிட்ஃபயரில் எழுத்துகளின் விளிம்பு இன்னும் கூராக நிற்கும்.

பாதத்தை அரம் போட்டு ராவியிருப்பதும் அடிக்கடி காணும் காயம். வேறொரு கம்பின் பொருத்தில் நுழையவில்லை என்று அந்தக் காலத்து உடைமையாளர் தாமே ராவிக்கொண்டது. அவர் மீன் பிடிக்கத்தான் வாங்கினார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் பட்டியலில் "பாதம் ராவப்பட்டது" என்று எழுதியே தீர வேண்டும். மாற்றிய திருகாணி, வேறு ரீலிலிருந்து எடுத்துப் போட்ட டிரம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். டிரம்மிலும் சட்டத்திலும் ஒரே எண் குத்திய ரீல்களில் எண் மாறியிருந்தால் சேர்க்கை தெரிந்துவிடும். எண் இல்லாதவற்றில் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹார்டி பெயர் இல்லை என்று ஏமாற்றத்தோடு கொண்டுவரும் ரீல்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. லண்டன், எடின்பரோ, பெர்த் என்று எத்தனையோ ஊர்க் கடைகள் வேறொருவர் செய்த ரீலில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. உள்ளே ஒரு சிறிய 'D' எழுத்து இருந்தால் ஆன்விக்கின் டிங்லி செய்தது என்று கொள்ளலாம். ஹார்டியில் தொழில் கற்றுப் பிறகு தனியே நின்றவர் அவர். வேலைப்பாடு ஹார்டிக்குச் சற்றும் இளைத்ததில்லை. ரெடிச் ஊரின் ஜே. டபிள்யூ. யங் நிறுவனமும் இப்படிப் பலருக்குச் செய்து கொடுத்தது. பெயரைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் இவற்றைக் கடந்து போய்விடுவார்கள். உரிய இடம் இன்னும் கிடைக்காத ரீல்கள் இவைதாம் என்பது என் உறுதியான கருத்து.

ரீலோடு வரும் கதைகளுக்கும் விலை உண்டு, ஆனால் காகிதம் இருந்தால் மட்டும். ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் பெட்டியில் ஒரு ஹார்டி ரீல் வந்தது. "தாத்தா இந்தியாவில் மீன் பிடித்தது" என்றார்கள். அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பெட்டியின் அடியில் நீலகிரியில் மீன் பிடிப்பதற்கான பழைய உரிமச் சீட்டும் இருந்தது. அவலாஞ்சியில் 1907-இல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகு மேல்மலை ஓடைகளில் ட்ரவுட் பெருகியது, தோட்டத் துரைமார்கள் இங்கிலாந்திலிருந்து ரீல்களை வரவழைத்தார்கள். அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிட நினைத்தார்கள். ரீலோடு சேர்த்தே விற்கச் சொல்லி வற்புறுத்தினேன். சீட்டும் ரீலும் பிரிந்துவிட்டால் கதை வெறும் வாய்ச்சொல்லாகிவிடும்.

கடைசியில் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். எந்த எண் என்பது எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இறந்தவரின் சொத்துக் கணக்குக்கு என்றால் அவர் இறந்த நாளில் திறந்த சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய தொகை. காப்பீட்டுக்கு என்றால் அதே தரத்தில் இன்னொன்றை வாங்கத் தேவைப்படும் தொகை, அது எப்போதும் கூடுதல். ஏலத்துக்கு என்றால் இரண்டு எண்கள், கீழெல்லையும் மேலெல்லையும். இணையத்தில் யாரோ கேட்கும் விலையை அச்சிட்டுக் கொண்டுவருவார்கள். கேட்ட விலை விலையாகாது. கைமாறிய விலையைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். அதிலும் அதே செக், அதே அளவு, அதே நிலை. பெர்ஃபெக்டிலும் செயின்ட் ஜார்ஜிலும் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சிறிய ரீல்கள் அரிது. பெரிய சால்மன் ரீலைவிட அவை கூடுதலாகப் போவதைக் கண்டு விற்பவர்களே திகைப்பார்கள்.

வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், பொருந்தாத திருப்புளியால் திருகாணியைத் தொடாதீர்கள். தலை சிதைந்த ஒரு திருகாணிகூட விலையைக் குறைக்கும். முகம், முதுகு, பாதத்தின் அடி, கைப்பிடியின் நுனி ஆகியவற்றை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். டிரம் தானாகக் கழன்றால் உள்பக்கத்தையும் எடுங்கள். தோல் உறை, அட்டைப்பெட்டி, கடை ரசீது என்று எது இருந்தாலும் கூடவே வையுங்கள். பழைய பட்டு நூல் சுற்றியிருந்தால் அதை வெட்டி எறியாமல் அப்படியே கொண்டுவாருங்கள். மீதியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.