ஓடி முடித்ததும் நெஞ்சில் கை வைக்கும் பாடம்

நான்கு வயதுப் பிள்ளையிடம் "உடற்பயிற்சி செய்தால் ஆரோக்கியமாக இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டும். திருப்பிச் சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்லவும் செய்யும். ஆனால் நாளை மறுநாள் என்பதே இன்னும் பிடிபடாத வயதில், என்றைக்கோ வரக்கூடிய நோயைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? மழலையர் வகுப்பில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு பொழுதைக் கழிப்பவள் நான். இந்த வயதில் உடல்நலப் பாடத்தை ஆசிரியர் வாயால் நடத்த முடியாது, பிள்ளையின் உடம்புதான் நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது சொல்வதைக் கவனிக்கப் பழக்குவதுதான் நம் வேலை.

என்னிடம் இருப்பதிலேயே நல்ல பாடம் இதயம்தான். முதலில் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். அவரவர் கையை மடக்கி முஷ்டியைப் பார்க்கச் சொல்வேன். "உன் இதயம் கிட்டத்தட்ட இவ்வளவு பெரிசுதான்" என்றால் நம்ப மாட்டார்கள். முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் முஷ்டியோடு ஒப்பிடுவார்கள், என் கையையும் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் நேரம் கொடுத்துவிட வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில், சற்றே இடப்பக்கமாகக் கையை வைத்துச் சும்மா படுத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. பரவாயில்லை.

அப்புறம் எழுந்து ஓட்டம். அறைக்குள் என்றால் நின்ற இடத்திலேயே குதிப்பது. மூச்சு வாங்கும் வரை. நிறுத்தியதும் மறுபடி நெஞ்சில் கை. அந்த நொடியில் அவர்கள் முகங்களைப் பார்க்க வேண்டும்! "மிஸ், உள்ள யாரோ கதவத் தட்டுறாங்க" என்றது ஒரு குட்டி. இந்த வயதில் ஓய்வாக இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 80 முதல் 120 முறை துடிக்கும். ஓடிய பிறகு அதைவிட வெகு வேகம். அவர்களால் எண்ண முடியாது, எண்ணவும் வேண்டாம். துடிப்புக்கு ஏற்ப முஷ்டியை மூடித் திறக்கச் சொல்வேன். படுத்திருந்தபோது மெதுவாக மூடித் திறந்த கை இப்போது படபடவென்று அடிக்கும். ஓடும்போது காலுக்கு நிறைய ரத்தம் தேவை, அதை அனுப்பத்தான் இதயம் இப்படி உழைக்கிறது, இப்படி உழைத்து உழைத்துத்தான் பலமாகிறது என்று அந்த இடத்தில் சொன்னால் புரியும். உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் அது வெறும் செய்தி.

வியர்வையும் இப்படித்தான். "ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்கும் பிள்ளையின் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஊதிக் காட்டினால் போதும். சில்லென்று இருக்கிறதல்லவா, சூடான உடம்பை வியர்வை குளிர வைப்பதும் அப்படியே. வெளியே போன தண்ணீரைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும் என்று சொன்ன பிறகு, குடி குடி என்று நான் துரத்த வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்று தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஏதோ ஒரு அசைவு. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டிப்போடக் கூடாது. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். ஐந்து வயது முதல் 17 வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், நடுத்தரம் முதல் தீவிரம் வரையிலான அசைவு.

180 என்றதும் சிலர் மலைத்துப்போகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். அதை மொத்தமாக ஒரே வேளையில் செய்யச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் போல அரை மணி நேரம் சீராக ஓடுவதும் கிடையாது. சில நொடி பாய்வார்கள், நிற்பார்கள், எதையோ குனிந்து பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். அதுதான் அவர்களுடைய இயல்பான வேகம். அவர்களை வரிசையில் நிறுத்தி, விசில் அடித்து, மைதானத்தைச் சுற்றச் சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

அதைவிடப் பிடிக்காதது, தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்கள். பாட்டு நின்றதும் நாற்காலி பிடிக்கும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியேறுவது யார்? பெரும்பாலும் மெதுவாக அசையும் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை. யாருக்கு அதிகம் ஓட வேண்டுமோ அவரே அதிக நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். கூடவே, தனக்கு இது வராது என்ற எண்ணமும் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆட்டத்தை விட வேண்டாம், விதியை மாற்றினால் போதும். நாற்காலி குறையும், ஆள் குறையக் கூடாது. இருக்கும் நாற்காலியில் எல்லோரும் நெருக்கியடித்துத் தொற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரே நாற்காலியைச் சுற்றி வகுப்பே தொங்கிக்கொண்டு சிரிக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேசினான் என்பதற்காக இரண்டு சுற்று ஓடவிடுவது, குறும்பு செய்தாள் என்று தோப்புக்கரணம் போட வைப்பது, வெளியே விளையாடும் நேரத்தைப் பிடுங்கிக்கொள்வது, இவற்றை அடியோடு நிறுத்த வேண்டும். தண்டனையாகப் பழகிய ஓட்டத்தை எந்தப் பிள்ளை விரும்பிச் செய்யும்? அதே போல உடல் எடையைப் பற்றிய பேச்சும். "குண்டா இருக்கே, ஓடு", "சாப்பிட்டதுக்குக் கொஞ்சம் குதி" என்று அன்போடுகூடச் சொல்லாதீர்கள். ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கும் இதே 60 நிமிடம் தேவைதான்.

சரி, ஓட்டம் தவிர என்ன கற்றுக்கொடுக்கலாம்? எறிவது, பிடிப்பது, உதைப்பது, குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது. இவையெல்லாம் வயதானால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஓரளவுக்குத்தான் வரும், மீதியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கையையும் கட்டை போல நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொள்ளும். பந்து வேகமாக வருகிறது, பயம், அவ்வளவுதான். நான் முதலில் பந்தே கொடுப்பதில்லை. மெல்லிய துணியை மேலே வீசிவிட்டுப் பிடிக்கச் சொல்வேன். அது மிதந்து மிதந்து இறங்குவதால் பார்த்துக்கொண்டே கையைக் கொண்டுபோக அவகாசம் கிடைக்கிறது. பிறகு உருட்டிய துணிப்பந்து, அப்புறம் பெரிய மென்மையான பந்து, கடைசியில்தான் சின்னப் பந்து. பலூனும் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் வெடித்த பலூன் துண்டு தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் துணியே நல்லது.

எறிவதற்கு ஒரு குறிப்பு: வலக்கையால் எறிந்தால் இடக்கால் முன்னே. காகிதத்தில் பாதம் வரைந்து தரையில் ஒட்டிவிட்டால் விளக்கமே தேவையில்லை. குதிப்பதற்கு நான் சொல்வது "பூனை மாதிரி, சத்தம் வராம இறங்கு" என்பதுதான். சத்தம் வராமல் இறங்க வேண்டுமென்றால் முழங்கால் தானாக மடங்கும். வளரும் எலும்பு கெட்டிப்பட இந்தக் குதியல் மிக நல்லது.

ஓடியதும் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி இருமல் வந்தால், மூச்சில் விசில் போலச் சத்தம் கேட்டால், நெஞ்சு வலி என்றோ தலை சுற்றுகிறது என்றோ சொன்னால், அதைச் சாக்கு என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா என்று தெரிந்தாலும் மூலையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. சரியான சிகிச்சையில் கட்டுக்குள் இருந்தால் அந்தப் பிள்ளையும் எல்லோரோடும் ஓடலாம். இன்ஹேலர் எங்கே இருக்கிறது, எப்போது தர வேண்டும் என்பது வகுப்பிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு வயதிலேயே ஏதாவது ஒரு விளையாட்டில் பயிற்சிக்குச் சேர்த்துவிடலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். போட்டிக்குத் தயார்செய்யும் பயிற்சி என்றால் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே விளையாட்டில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, ஏறி, இறங்கி, உருண்டு, தொங்கிப் பழகுவதே இந்த வயதுக்கு ஏற்றது. மாலையில் கால் மணி நேரம் கிடைத்தால் பிள்ளைக்கு எதிரே நின்று பந்தை உருட்டிவிடுங்கள். திருப்பி உருட்டட்டும். சலித்துப்போனதும் அதுவே வேறு ஏதாவது கண்டுபிடிக்கும், நீங்களும் கூடவே போங்கள்.